பொருநைக் கரையின் விசுவாச வேர்கள்: உங்களுக்குத் தெரியுமா?

நெல்லைச் சீமையில் "நீங்க எந்தச் சபை?" என்று கேட்டால் ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். முதலூர், நாசரேத், இடையன்குடி, வடக்கன்குளம்... கோயிலும் ஊரும் அப்படி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இந்த உறவு தானாக வளரவில்லை. யாரோ நிலம் வாங்கினார்கள், யாரோ கதவைத் திறந்தார்கள், யாரோ சுவரை இடித்தார்கள். அவர்களைத் தெரிந்துகொள்வோமா?

■ முகத்துவாரத்துத் தமிழ்: பொருநை என்னும் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் தங்கி, பரதவ மக்களிடையே ஊழியம் செய்தவர் போர்த்துகீசியரான அண்டிரிக் அடிகளார். இவர் தமிழில் தந்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள்தான். ஆனால் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுதான்.

■ புனிதர் திருமுழுக்குப் பெற்ற ஊர்: 1745 மே 14 அன்று நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர்.

■ இடிந்த சுவர்: அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் ஒரே பலிபீடம், ஆனால் சாதிக்கொரு பகுதி, நடுவே தடுப்புச் சுவர். 1910இல் அந்தச் சுவர் அகற்றப்பட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போயும் தோற்றார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்களுக்கு இடையே சுவருக்கு என்ன வேலை? நம் மரபில் பெருமைப்பட இருப்பவற்றோடு இதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

■ கைம்பெண் கட்டிய கோயில்: தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமணக் கைம்பெண் கிளாரிந்தா, 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் அங்கு எழுதப்பட்ட சபைப் பட்டியலில் இருந்தவர்கள் 40 பேர். கிளாரிந்தா முன்னின்று கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் அழைத்தது அதைத்தான். அவர் வாழ்வை வைத்து 1915இல் ஆங்கில நாவல் எழுதியவர் அ. மாதவையா.

■ நெல்லை தந்த பாட்டுப் புலவர்: 'தஞ்சை' வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது 1774இல், நம் திருநெல்வேலியில்! குறவஞ்சி என்ற நாட்டு நாடக வடிவில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடி, சுவிசேஷத்தைத் தமிழ்ச் சந்தத்தில் வைத்தவர்.

■ அடைக்கலம் தந்த ஊர்: விசுவாசத்தை ஏற்றதால் சொந்த ஊரில் துன்பப்பட்டவர்களை 1799இல் ஓரிடத்தில் குடியேற்றினார் தாவீது சுந்தரானந்தம். அதுவே முதலூர். இன்று மஸ்கோத் அல்வாவால் ஊரறிந்த அதே முதலூர்தான்.

■ நிலம் வாங்கிய சங்கம்: 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், பிரசங்கத்தோடு நிற்கவில்லை. துரத்தப்பட்டவர்களுக்குக் குடியிருப்பு அமைக்க 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். காணிக்கைப் பணம் நிலமானது, நிலம் ஊரானது. 1838இல் மறைந்த ரேனியஸின் கல்லறை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது.

■ ஊரோடு ஒன்றியவர்: மிஷனரி கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். அங்கே அவர் எழுப்பிய ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரின் உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து, அந்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

■ வராமலே வந்தவர்: சாரா டக்கர் பெயரில் 1895இல் பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி எழுந்தது. ஆனால் அந்த அம்மையார் இந்தியாவுக்கே வந்ததில்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே நம் பெண்களின் கல்விக்காகக் கவலைப்பட்டவர் அவர்.

■ கிறிஸ்தவக் கம்பர்: நெல்லையை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. கம்பனைக் கற்ற நாவோடு 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைத் தந்தார். புது விசுவாசத்துக்காகப் பழைய தமிழை அவர் கைவிடவில்லை.

■ பெற்றதைக் கொடுத்த சபை: 1903 பிப்ரவரி 12 அன்று நெல்லைக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களைக் கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊழியக் களம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். சங்கத்தின் தூண்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

■ பெயரில்லாக் கல்லறை: டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் 1951இல் மறைந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே வைத்தது பறவைகளுக்கான கல் தண்ணீர்த்தொட்டி.

■ எல்லோரும் ஒரே பந்தி: இடம் கொடுக்கும் இந்த மரபு இன்று பந்தியில்தான் நன்றாகத் தெரியும். ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் முதற்பலன் காணிக்கைகள் கோயிலுக்கு வரும். வாழைத்தார், முருங்கைக்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல். அத்தனையும் ஏலம் போகும். ஒரு தேங்காய்க்குச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கேட்பார்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கோயிலில் எல்லோருக்கும் போடும் பொது விருந்தான அசனம் என்றால் இன்னும் சிறப்பு. ஒருவர் பொருத்தனை செய்த ஆட்டைக் கொண்டுவருவார், இன்னொருவர் அரிசி மூட்டையை இறக்குவார். கோயில் வளாகத்தில் வரிசையாக அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, கறிக்குழம்பு கொதிக்கும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்கள் ஊர்க்காரரோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வர முடியாத பாட்டிக்குத் தூக்குவாளியில் போகும். கொடுத்தவர் யார், வெறுங்கையோடு வந்தவர் யார் என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை.

■ இனி உங்கள் முறை: உங்கள் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாத்தா பாட்டியின் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லறைத் தோட்டத்து எழுத்துகள் மழையில் அழியுமுன் படம் எடுத்து, பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த அசனத்துக்கு ஊருக்குப் புதிதாக வந்த குடும்பத்தையும் அழைத்துப் போங்கள். நம் முன்னோருக்கு யாரோ இடம் கொடுத்தார்கள். நாமும் கொடுத்தால்தான் அவர்களுடைய வாரிசுகள்.