பேசத் தயங்கும் பெருநகரம்

காலை நேர ரயிலில் பயணிகள் தோளோடு தோள் உரச நிற்பார்கள். ஆனால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நகரவாசிகள் நெஞ்சில் ஈரமற்றவர்கள் என்று பலரும் எண்ண இக்காட்சியே போதும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரம் 1970இல் இதற்கு வேறு விளக்கம் தந்தார். பெருநகரத்தில் ஒருவர் நாள்தோறும் எண்ணற்ற முகங்களைக் கடக்கிறார். எல்லாரிடமும் நின்று நலம் விசாரித்தால் வேலைக்குப் போய்ச் சேர முடியுமா? ஆகவே, மனம் ஒதுங்கிக்கொள்கிறது.

அப்படியானால், ஒதுங்குபவர் பேச விரும்பாதவரா? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் இதை ரயில் பயணிகளிடம் சோதித்தனர். அவர்களது ஆய்வு 2014இல் வெளிவந்தது. சிலரை அருகிலிருக்கும் அந்நியரிடம் பேசச் சொன்னார்கள். சிலரைத் தனியே அமைதியாக இருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் பயணம் செய்தனர். பேசியவர்களின் பயணமே மிக இனிமையாக இருந்தது. தம்மிடம் யாரேனும் முகம் திருப்பிக்கொண்டதாக அவர்களில் ஒருவர்கூடக் கூறவில்லை.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. வேறு சில பயணிகளைப் பேச வைக்காமல், “பேசினால் எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டார்கள். பேசாமல் இருப்பதே இனிமை என்று அவர்கள் கணித்தனர். அடுத்தவர் பேச விரும்பமாட்டார் என்ற அச்சமே இதற்குக் காரணம். அந்த அடுத்தவருக்கும் அதே அச்சம்! இருவரும் கைப்பேசியைப் பார்த்தபடியே இறங்கிப் போகிறார்கள்.

ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் மட்டும், “என்ன ஆயிற்று?” என்று யாராவது தொடங்குவார். அதன் பிறகு பேச்சு நிற்பதில்லை.