வேலைக்கேற்ற வடிவம்

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக நிற்கும் செவியட் குன்றுகளே 'பார்டர் டெரியர்' என்னும் சிறு நாயின் தாயகம். குதிரை ஏறிய வேட்டைக்காரரைத் தொடர்ந்தோடி, வளைக்குள் நுழைந்து நரியை வெளியேற்றுவதே அதன் தொழிலாயிருந்தது. 1920-ல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் அதனைத் தனி ஜாதியாக அங்கீகரித்தது.

அதன் உத்தம லட்சணங்கள் யாவை? நீர்நாயை ஒத்த தலை, தடித்த தோல், முரட்டு மேல்மயிர், அதனடியில் நெருங்கிய மென்மயிர், ஆண் நாய்க்கு 13 முதல் 15½ ராத்தல் எடை. தோள்களுக்குப் பின்னால் மார்பை இரு கைகளுக்குள் வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும். இவற்றில் எதுவும் அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. மார்பு பருத்தால் வளையில் சிக்கிக்கொள்ளும். கால் குறுகினால் குதிரைக்குப் பின்தங்கிவிடும்.

வேட்டையில் அஞ்சாத துணிவு, வீட்டில் அன்பு, ஓயாத சுறுசுறுப்பு: இவையே அதன் சுபாவம். இங்கிலாந்தில் நாய்க்கூட்டத்தைக் கொண்டு நரி வேட்டையாடுவதை 2004-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்டது. தொழில் போயிற்று, சுபாவம் போகவில்லை. ஆகையால், முகத்தைக் கண்டு மயங்கி வாங்கி, நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்பது அப்பிராணிக்கு இழைக்கும் அநீதி என்றே நாம் கருதுகிறோம். தினந்தோறும் ஓடவிட நேரமும், தோட்டத்தைத் தோண்டினால் பொறுக்கும் மனமும் உடையவரே அதனை வளர்க்கத் தகுந்தவர்.