விருந்துக்குப் பின் இரத்தத்தில் நிகழ்வது

மயிலாடும்பாறையிலும் அதைச் சூழ்ந்த வருசநாட்டுக் கிராமங்களிலும் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, பங்காளிகளும் மாமன் மச்சான்களும் ஒரே பந்தியில் கறிச்சோறு உண்ணும் விசேஷ நாளில், ஆறிய குழம்பின்மேல் வெள்ளையாக ஆடை கட்டி நிற்கும் கொழுப்பைக் காணாதவர் இல்லை. அதே கொழுப்பு உண்டவரின் தேகத்துள் எவ்வழியே சஞ்சரிக்கிறது என்பதை அறிந்தவரோ சிலரே.

பித்தநீரின் உதவியால் ஜீரணமாகும் கொழுப்பின் பெரும்பகுதி, மற்றச் சத்துகளைப்போல் நேரே ஈரலுக்குச் செல்வதில்லை. குடற்சுவர் அதைப் புரதப் போர்வையுடைய நுண்ணிய உருண்டைகளாக்கி, நிணநீர்க் குழாய் வழியே கழுத்தடிச் சிரையில் சேர்க்கிறது. கைலோமைக்ரான் எனப்படும் இவை உணவுக்குப்பின் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். அவ்வேளையில் எடுத்த இரத்தத்தைத் தெளியவிட்டால், வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்கவேண்டிய சீரம் பால் கலந்தாற்போல் மங்கித் தோன்றும்.

தசைகள் தமக்கு வேண்டியதை எடுத்தபின் மிஞ்சும், கொலஸ்டிரால் செறிந்த எச்சங்களை அகற்றுவது ஈரலின் காரியம்; அது தாமதிக்குமாயின் அவை தமனியின் உட்சுவரில் புகுந்து தங்கிவிடுகின்றன. இவ்வுருண்டைகள் சுமக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடு இரத்தத்தில் நெடுநேரம் மிகுந்திருப்பவரிடம் நல்ல கொலஸ்டிராலான எச்.டி.எல். குறைகிறது, கெட்ட கொலஸ்டிராலான எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகின்றன. தமனி நோய் உணவுக்குப் பிந்திய நேரங்களிலேயே வளர்கிறது என்று ஸில்வர்ஸ்மிட் என்னும் விஞ்ஞானி 1979-இல் வாதித்தார். ஒரு வேளைக் கொழுப்பு அடங்குமுன் மறுவேளை இலை போடும் நமக்கு, வெறும் வயிற்றில் செய்யும் பரிசோதனை பாதிக் கதையையே சொல்லும்.

ஆயினும் கொழுப்பின் அளவை மட்டும் குற்றவாளியாக்குதல் நியாயமன்று. ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பஞ்சாபியர் தென்னாட்டாரைவிட 8 முதல் 19 மடங்கு கொழுப்பு உண்டும், இருதய நோய் தென்னாட்டாரிடமே 7 மடங்கு மிகுந்திருந்தது. தீட்டிய அரிசியை மிகுதியாக உண்டு உழைப்பின்றி இருப்பவரின் ஈரல் தானாகவே டிரைகிளிசரைடை உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுகிறது என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆகவே, விருந்தை விடவேண்டியதில்லை. முதல் நாள் நன்றாக நடந்தவருக்கு மறுநாள் விருந்தின் கொழுப்பு குறைவாகவே ஏறும் என்பது சோதித்தறிந்த உண்மை. அன்றிரவு ஆகாரத்தை எளிதாக்கிக்கொள்ளுங்கள். உண்டபின் நெஞ்சில் பாரமும் வியர்வையும் கண்டால், வாயுவென்று சோடா குடித்துக் காத்திராமல், உடனே க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.