கூலியா, கொடையா? கிருபையால் புதுப்பிக்கப்படும் விசுவாசம்

மெதடிஸ்ட் திருச்சபைகள் ஆண்டுதோறும் மே 24ஆம் தேதியை ஒட்டி ஆல்டர்ஸ்கேட் ஞாயிறை அனுசரிக்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ் மெதடிஸ்ட் சபைகளும் இந்த மரபில் வந்தவையே. 1738ஆம் ஆண்டு அதே நாளில், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் ஜான் வெஸ்லி பெற்ற அனுபவமே அன்று நினைவுகூரப்படுகிறது.

வெஸ்லி அன்றுதான் கடவுளை அறிந்துகொண்டார் என்று நினைத்துவிடக் கூடாது. 34 வயதான அவர் ஏற்கெனவே ஆங்கிலிக்கன் குருவானவர். ஆக்ஸ்ஃபர்டில் இருந்தபோது புதன், வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தார்; சிறைக் கைதிகளைச் சந்தித்தார். பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குச் சென்று ஊழியம் செய்தார். ஆனாலும் மனத்தில் அமைதி இல்லை. 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல் அடித்தபோது, உடன் பயணம் செய்த மொரேவிய விசுவாசிகள் கலங்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள். தமக்கோ மரண பயம் இருப்பதை வெஸ்லி கண்டுகொண்டார்.

முடியாத கணக்கு

தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால் மரம் வெட்டினால் கூலி கிடைக்கும். கூலி உழைத்தவரின் உரிமை. பலருடைய பக்தியும் இப்படித்தான் நடக்கிறது. இத்தனை ஜெபம், இத்தனை காணிக்கை என்று கணக்கு வைக்கிறோம். நோயோ வேலை இழப்போ வந்தால், “நான் என்ன குறை வைத்தேன்?” என்று கேட்கிறோம். ஆலயத்துக்குச் சில வாரம் போகாவிட்டால், இனி எந்த முகத்தோடு போவது என்று ஒதுங்கிவிடுகிறோம்.

ரோமர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் பவுல் கூலியையும் கிருபையையும் பிரித்துக் காட்டுகிறார். கத்தோலிக்கர் ‘அருள்’ என்று சொல்லும் இந்தக் கிருபை, தகுதி பார்க்காமல் கொடுக்கப்படும் கொடை. ஆல்டர்ஸ்கேட் கூட்டத்தில் அன்று வாசிக்கப்பட்டது, இந்த நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரை. இரவு ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தம் உள்ளம் அனல் கொண்டதாகவும், தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயம் கிடைத்ததாகவும் வெஸ்லி நாட்குறிப்பில் எழுதினார்.

நற்செயல் வேண்டாமா?

எல்லாம் இலவசம் என்றால் நல்லவனாக வாழ்வது எதற்கு என்ற கேள்வி எழும். வெஸ்லியின் பிற்கால வாழ்க்கையே இதற்குப் பதில். 1739இல் பிரிஸ்டல் அருகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். 1746இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் தொடங்கினார். முன்பு கடவுளின் அன்பைச் சம்பாதிக்க உழைத்தவர், இப்போது அந்த அன்பைப் பெற்றுவிட்ட நன்றியில் உழைத்தார்.

அந்த ஓர் இரவோடு எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 1739 ஜனவரியிலேயே, தாம் கிறிஸ்தவர்தானா என்ற சந்தேகத்தை அவர் மீண்டும் எழுதி வைத்திருக்கிறார். உணர்ச்சி ஏறும், இறங்கும். கிருபை அதைச் சார்ந்ததல்ல.

தரங்கம்பாடித் தொடர்பு

மனிதன் தேடுவதற்கு முன்பே கடவுள் அவனைத் தேடி வருகிறார் என்பதை வெஸ்லி ‘முன்செல்லும் கிருபை’ என்று போதித்தார். அவருடைய வாழ்க்கையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழரிடையே பணியாற்றிய சீகன்பால்கு, புளுட்சோ ஆகியோரின் அறிக்கையைத் தாயார் சூசன்னா வாசித்து மனம் உருகினார். அதன்பின் ஒவ்வொரு பிள்ளையோடும் வாரம் ஒரு மாலை தனியாக அமர்ந்து ஆன்மிகம் பேசத் தொடங்கினார். சிறுவன் ஜானுக்கு வியாழக்கிழமை. ஆல்டர்ஸ்கேட் அனுபவத்துக்கு ஏறத்தாழ 26 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

விசுவாசம் குளிர்ந்துபோனது என்று வருந்துவோர், விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் ஆலயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. ரோமர் நிருபத்தைத் திறந்து, 3ஆம், 4ஆம் அதிகாரங்களை நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். புரியாத இடங்களைச் சபைப் போதகரிடம் தயங்காமல் கேட்கலாம்.