மாதிரி இரயில் எஞ்சினுக்கு வண்ணமும் எழுத்தும்

மாதிரி இரயில் எஞ்சின் என்பது உண்மையான எஞ்சினைக் குறித்த விகிதத்தில் சுருக்கிச் செய்யும் உருவமாகும். உலகில் பரவலான விகிதம் 1:87. கடையில் கிடைக்காத எஞ்சினை ஆர்வலர்கள் பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகட்டில் தாங்களே செய்கிறார்கள். அது எந்த ஊர், எந்தக் காலத்து வண்டி என்பதைச் சொல்பவை வண்ணமும் எழுத்தும்தான்.

விழுப்புரம் வட்டாரத்துக்குரிய எடுத்துக்காட்டு ஒய்.ஏ.எம்-1. தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் பாதை 1960களில் மின்மயமானபோது ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் இது. பெயரில் 'ஒய்' மீட்டர் பாதையையும், 'ஏ' மாறுதிசை மின்சாரத்தையும், 'எம்' பயணிகள், சரக்கு ஆகிய இரண்டுக்கும் உரியது என்பதையும் குறிக்கும். பாதை அகலமானதும் இவை ஓய்வுபெற்றன. வளவனூர் வழியே புதுச்சேரி செல்லும் பாதையும் இன்று அகலப் பாதையே. எனவே இன்றைய மாணவர்கள் இந்த எஞ்சின் ஓடிப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய புகைப்படங்களே வழிகாட்டி. ஓர் எஞ்சினுக்கே காலத்துக்கு ஒரு வண்ணம் பூசப்பட்டிருக்கும். ஆகவே எந்த எண், எந்த ஆண்டு என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். இரண்டு காலங்களைக் கலந்துவிட்டால் அப்படி ஒரு வண்டி என்றுமே ஓடியதில்லை என்றாகிவிடும்.

உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி, காய்ந்தபின் பிரைமர் அடிக்க வேண்டும். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். 0.1 மி.மீ. பூச்சு, உண்மை எஞ்சினில் ஏறத்தாழ 9 மி.மீ. கனத்துக்குச் சமம், ஆணித்தலைகள் எல்லாம் மூழ்கிவிடும். வெளிர் நிறத்தை முதலில் அடித்து, பட்டை வரவேண்டிய இடத்தை டேப்பால் மறைத்து, பிறகு அடர் நிறம் அடிப்பதே எளிது. சிறிய உருவத்தில் நிறம் சற்று இருண்டு தெரியும் என்பதால் சிறிது வெள்ளை கலப்பார்கள்.

எழுத்துதான் கடினமான பகுதி. டெகல் எனப்படும் மெல்லிய படலத்தில் அச்சிட்டு, நீரில் நனைத்து ஒட்டுவது வழக்கம். வீட்டு அச்சுப்பொறிக்கு வெள்ளை மை கிடையாது. எஞ்சின் எண்ணோ பெரும்பாலும் வெள்ளை அல்லது மஞ்சள். இதற்கு வெள்ளைப் படலத்தை வாங்கி, எழுத்தைச் சுற்றியுள்ள பின்னணியை எஞ்சின் நிறத்தில் அச்சிடலாம். நிறம் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.

எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்கும் நிலையப் பெயர்ப்பலகைக்குத் தமிழும் வேண்டும். 30 செ.மீ. உயர எழுத்து இங்கே 3.4 மி.மீ. ஆகிவிடும். 'வளவனூர்' என்று தடித்த எழுத்துருவில் அச்சிட்டால் வ, ள ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டு, புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய எழுத்துருவே நல்லது.

டெகல் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் அடிப்பது கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் படலத்தின் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். ஒட்டிக் காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு அடங்கும். கடைசியாகச் சக்கரப் பகுதியில் சிறிது துருநிறத் தூள் தடவலாம்.