பெரிய பம்ப், சின்ன வழி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்றோர் ஊர். மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் கூட்டாகத் தொடங்கிய டயமண்ட்-ஸ்டார் ஆலை அங்கேதான் இருந்தது. 1990 மாடலாக அங்கிருந்து வெளிவந்த எக்லிப்ஸ் காரின் உயர்ரகத்தில் 4ஜி63 என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சின். திறன் 195 குதிரைத்திறன். அது போதாது என்று எஞ்சினை முறுக்கேற்றுபவர்கள் கம்பெனி எரிபொருள் பம்பைக் கழற்றிவிட்டு, மணிக்கு 255 லிட்டர் தள்ளும் வால்ப்ரோ பம்பைப் போடுவது வழக்கம்.

போட்ட பிறகு சில கார்களில் ஒரு வேடிக்கை நடக்கும். மிதித்து ஓட்டினால் கார் பறக்கும். சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, தடுமாறும் ஐட்லிங். பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். கேஜ் மாட்டிப் பார்த்தால் எரிபொருள் அழுத்தம் எகிறி நிற்கும். புது பம்ப் அழுத்தத்தைக் கூட்டிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பம்பின் வேலை பெட்ரோலை நகர்த்துவது மட்டுமே. நகரும் பெட்ரோல் எங்கே தடைபடுகிறதோ அங்கேதான் அழுத்தம் பிறக்கிறது.

அந்தத் தடையை அளந்து வைப்பது ரெகுலேட்டர். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் ஃப்யூவல் ரெயிலின் முனையில் அது இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதை அழுத்தியபடி ஒரு ஸ்பிரிங். பெட்ரோலின் அழுத்தம் ஸ்பிரிங்கை மிஞ்சினால் சவ்வு விலகி ஒரு துளை திறக்கும். மிச்சப் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. வரத்து கலிங்கு தாங்கும் அளவைத் தாண்டினால் ஏரியின் மட்டம் ஏறத்தானே செய்யும்?

கணக்கும் அதையே சொல்கிறது. ஐட்லிங்கில் இந்த எஞ்சின் மணிக்கு ஓரிரு லிட்டர்தான் குடிக்கும். 255 லிட்டர் பம்ப் அனுப்புவதில் ஏறக்குறைய முழுவதும், சிறிய பம்புக்காகச் செய்த துளை வழியாகத் திரும்பியாக வேண்டும். ஒரு துளையில் ஓட்டம் இருமடங்கானால் அதைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம் நான்கு மடங்காகும். முழு வேகத்தில் எஞ்சினே பெரும்பங்கைக் குடித்துவிடுவதால் திரும்பும் அளவு குறைந்து, அழுத்தம் தானாகச் சீராகிறது. நிற்கும்போது திணறும் கார் ஓடும்போது திணறாததற்குக் காரணம் இதுதான்.

நோயைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஹோஸ் போதும். ரெகுலேட்டரின் சவ்வுக்கு மறுபுறம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்குவம் ஹோஸ் வரும். ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் வெற்றிடம் சவ்வை இழுத்துப் பிடிப்பதால் அழுத்தம் குறைய வேண்டும். மேனுவல் கியர் கொண்ட முதல் தலைமுறை டர்போ எக்லிப்ஸில் ஹோஸை மாட்டினால் சுமார் 27 பி.எஸ்.ஐ., கழற்றி அடைத்தால் சுமார் 37 பி.எஸ்.ஐ. இருக்கும். மாட்டினாலும் கழற்றினாலும் முள் ஒரே உயரத்தில், உதாரணமாக 45-இல் நின்றால், துளை ஏற்கெனவே முழுதாகத் திறந்துவிட்டது, அதற்கு மேல் திறக்க இடமில்லை என்று பொருள். கழற்றிய ஹோஸில் விரலை வைத்து உறிஞ்சல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஹோஸ் வெடித்திருந்தாலும் முள் அசையாது. ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது.

இந்தக் காரில் இன்னொரு பொறியும் உண்டு. சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் ஆவியாகிக் குமிழிடாமல் இருக்க, ஒரு சொலினாய்டு சற்று நேரம் அந்த வெற்றிடத்தைத் துண்டித்து அழுத்தத்தை உயர்த்தும். அந்த நேரத்தில் கேஜைப் பார்ப்பவர் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவார்.

அடுத்த கேள்வி: அடைப்பு ரெகுலேட்டரிலா, அதற்குப் பின்னாலா? எஞ்சினை ஓட்டாமல், பம்புக்கு மட்டும் சோதனை முனை வழியாக மின்சாரம் கொடுத்து, ரிட்டர்ன் ஹோஸை ரெகுலேட்டர் பக்கம் கழற்றி ஒரு கேனில் விட்டுப் பார்க்கலாம். அழுத்தம் 37-க்கு இறங்கினால் குற்றவாளி ரிட்டர்ன் லைன். பம்ப் மாற்றும்போது டேங்க் அருகே ஹோஸ் மடங்கியிருக்கலாம். இறங்காவிட்டால் ரெகுலேட்டர். காற்றோட்டமான இடமும் கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பானும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

ஐட்லிங்கில் 45 பி.எஸ்.ஐ. என்பது சிறு மிகை அல்ல. வெற்றிடத்தின் 10-ஐயும் சேர்த்தால் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கு இடையே 37-க்குப் பதில் 55. இன்ஜெக்டர் வழியும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆக, 22 சதவீதம் கூடுதல் பெட்ரோல்.

தீர்வாகப் பெரிய துளை கொண்ட, திருகி அளவு வைக்கும் ரெகுலேட்டர் போடலாம்; தேவைப்பட்டால் ரிட்டர்ன் லைனையும் அகலப்படுத்தலாம். திருகும்போது வேக்குவம் ஹோஸ் கழன்றிருக்க வேண்டும். குதிரைத்திறன் ஆசை அளவானதென்றால் மணிக்கு 190 லிட்டர் பம்பே போதும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து பம்புக்கு நேரே கொடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வோல்டேஜ் ஏற ஏற பம்ப் இன்னும் வேகமாகத் தள்ளும், ஐட்லிங் தொல்லையும் கூடும்.

ஆகவே பம்பை முழு வேகத்தின் தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரெகுலேட்டரையும் ரிட்டர்ன் லைனையும் ஐட்லிங்கின் மிச்சத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.