கழிமுகத்து இறாலுக்கு எந்த வலை, எந்த நேரம்?

பெங்களூரு சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்ல மீன் கடைப் பக்கம் போனா, இறால் ரெண்டு விதமாக் கிடைக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம்னு இருந்தா அது பெரும்பாலும் பண்ணை இறால், வன்னாமி. 2009-ல இந்தியாவுல அதை வளர்க்க அனுமதி கிடைச்சதுல இருந்து ஆந்திராவுல குளம் குளமா வளர்க்கிறாங்க. சின்னதும் பெருசுமா, வெள்ளையும் பழுப்புமா கலந்து இருந்தா, அது கடல்லயோ கழிமுகத்துலயோ வலை போட்டுப் பிடிச்சது. இறாலுக்குக் கன்னடத்துல சிகடின்னு பேரு, மங்களூருக்காரங்க துளுவுல எட்டின்னு கேட்டு வாங்குவாங்க.

இன்னைக்கு இந்த ரெண்டாவது வகையைப் பத்திப் பேசப் போறோம். அதுலயும் குறிப்பா கழிமுகத்துல, அதாவது ஆறு கடலைத் தொடுற இடத்துல பிடிக்கிற இறால். அங்க எந்த வலையைப் போடலாம், எப்போ போடலாம், யார் போடலாம்?

பெங்களூருல கடலே இல்லையே, நமக்கு எதுக்கு இதுன்னு தோணலாம். தட்சிண கன்னடம், உடுப்பி, உத்தர கன்னடம்னு கர்நாடகத்துக்கு மூணு கடலோர மாவட்டம். நேத்ராவதியில இருந்து காளி ஆறு வரைக்கும் அங்க இருக்கிற எல்லாக் கழிமுகத்துக்கும் மீன்பிடிச் சட்டம் எழுதுறது இந்த ஊர்ல, விதான சௌதாவுல. பிடிச்ச இறால்ல ஒரு பங்கு விற்கிறதும் இங்கதான்.

முதல்ல இறாலோட வாழ்க்கையைப் புரிஞ்சுக்கணும். அது தெரியாம வலை விதி புரியாது.

(திரையில்: கடல், முகத்துவாரம், கழிமுகம் - அம்புக்குறியோட வரைபடம்)

வெள்ளை இறாலை எடுத்துக்குங்க. தாய் இறால் கடல்ல முட்டை போடும். ஒரு நாளுக்குள்ள குஞ்சு பொரிச்சிடும். பல தடவை உருமாறி, ரெண்டு மூணு வாரத்துல ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வரும். அந்த அளவுல, கடல் நீர் ஏறுற நேரம் பார்த்து முகத்துவாரம் வழியாக் கழிமுகத்துக்குள்ள நுழையும். அலையாத்தி வேர், சேறு, பாசி, இரை எல்லாம் உள்ள இருக்கு. சில மாசம் அங்கயே வளரும். ஓரளவு பெருசானதும் திரும்பக் கடலுக்குக் கிளம்பும். முதிர்ந்து முட்டை போடுறது அதுக்கு அப்புறம், கடல்லதான்.

அப்படின்னா கழிமுகத்துல பிடிபடுற வெள்ளை இறால் ஏறக்குறைய எல்லாமே இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாதது. வரி இறால், அதான் டைகர் இறால், அதுக்கும் இதே கதைதான். ஆத்துல வளர்ற ஸ்காம்பி மட்டும் நேர் எதிர். அது முட்டை பொரிக்க ஆத்துல இருந்து கழிமுகத்துக்கு இறங்கி வரும். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்புறதுக்கு ஒரு நேரம் இருக்கு. ராத்திரியில, தண்ணி வத்துற நேரத்துல, அதுவும் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுவா இருக்கிற நாள்கள்ல அதிகமா இறங்கும். இது மீனவங்களுக்குத் தலைமுறை தலைமுறையாத் தெரியும். அதை வச்சுத்தான் ஊன்று வலையே வந்தது. ஓட்டம் வலுவா இருக்கிற இடத்துல கழியை ஊன்றி, அதுல வலையைக் கட்டிடுவாங்க. வாய் அகலமா இருக்கும், போகப் போகக் குறுகி கடைசியில ஒரு பை. அந்தப் பையை மடின்னு சொல்வாங்க. ஆள் இழுக்க வேண்டாம், எஞ்சின் வேண்டாம். வத்துற தண்ணியே இறாலைக் கொண்டு வந்து மடியில சேர்த்துடும். கேரளத்துல இதுக்கு ஊன்னி வலைன்னு பேரு. கொச்சிக் காயல்ல வரிசையாப் பார்க்கலாம்.

சிக்கலும் இங்கதான் தொடங்குது. முகத்துவாரம் குறுகலானது. உள்ள வர்ற குஞ்சுக்கும் வெளிய போற இறாலுக்கும் வேற வழி கிடையாது. அந்த ஒரே வழியில நெருக்க நெருக்கமா வலை கட்டி, ஏத்தத்துலயும் வத்தத்துலயும் எடுக்காம விட்டா, வர்றதும் வராது, போறதும் போகாது.

சரி, அப்போ பெரிய கண்ணி வலை போடச் சொன்னாப் போதாதா? அரசாங்கத்துக்கு முதல்ல தோணுறதும் இதுதான். கண்ணி அளவு எப்படிப் பார்க்கிறாங்கன்னு கவனிங்க. நனைஞ்ச வலையில ஒரு கண்ணியை எடுத்து, எதிரெதிர் முடிச்சு ரெண்டையும் பிடிச்சு இறுக்கமா இழுத்து, உள்பக்க இடைவெளியை அளப்பாங்க. கரையில நின்னு அளந்தா சரியா இருக்கும். தண்ணிக்குள்ள நிலைமை வேற. சாதாரண வலையில கண்ணி சாய்சதுரமா இருக்கும். ஓட்டம் வேகமாகி மடியில பாரம் சேர்ந்ததும் கண்ணி நீளவாக்குல இழுபட்டு மூடிக்கும். போதாததுக்குப் பாசியும் சொறி மீனும் வந்து அடைச்சுக்கும். பெரிய கண்ணி வலையும் அப்போ துணி மாதிரிதான். இதுக்காகவே கொச்சியில இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மடிப் பகுதிக்கு நேர்சதுரக் கண்ணியைப் பரிந்துரைக்குது. பாரம் ஏறினாலும் அது திறந்தே இருக்கும், குஞ்சு வெளியேற வழி கிடைக்கும்.

இதையெல்லாம் தாண்டி இன்னொரு முடிச்சு இருக்கு. கழிமுகத்துல ஒரே ஒரு இறால் வகை கிடையாது. வரி இறால் 30 சென்டிமீட்டருக்கு மேலகூட வளரும். மேற்குக் கரையில பூவாலன்னு சொல்ற சின்ன இறால் முழுசா வளர்ந்தாலே 12, 13 சென்டிமீட்டர்தான். வரி இறாலோட இளசைத் தப்பவிடுற அளவுக்குக் கண்ணியைப் பெருசாக்கினா, வளர்ந்த பூவாலன் மொத்தமும் போயிடும். அதை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அன்னைக்குக் கஞ்சி கிடையாது. பூவாலனுக்கு ஏத்த மாதிரி சின்னதாக்கினா வரி இறால் குஞ்சும் வெள்ளை இறால் குஞ்சும் சேர்ந்து மாட்டும். எத்தனை மில்லிமீட்டர்ங்கிற கேள்விக்கு எல்லா இறாலுக்கும் பொருந்துற ஒரு பதில் கிடையாது.

கண்ணியே இல்லாத அளவுக்கு நெருக்கமான வலையும் இருக்கு, கொசுவலைத் துணி. அதுக்கு நான் எந்த நியாயமும் சொல்ல மாட்டேன். சுந்தரவனத்துல டைகர் இறால் குஞ்சு பிடிக்க அந்த மாதிரி வலையை இழுத்தாங்க. வேண்டிய குஞ்சைப் பொறுக்கிட்டு மத்த மீன் குஞ்சு, நண்டுக் குஞ்சு எல்லாத்தையும் கரையில கொட்டினாங்க. வங்கதேசம் 2000-ல இயற்கையில இறால் குஞ்சு பிடிக்கிறதையே தடை பண்ணுச்சு. ஆனா இழுத்தவங்க பெரும்பாலும் ஏழைப் பெண்களும் பிள்ளைகளும். வேற பிழைப்பு காட்டாத தடை எவ்வளவு தூரம் நிக்கும்?

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1897-ல வெள்ளைக்காரன் கொண்டுவந்த இந்திய மீன்வளச் சட்டம் ரொம்பச் சின்னது, சில பக்கம்தான். வெடி வச்சு மீன் பிடிக்கக் கூடாது, விஷம் கலக்கக் கூடாதுன்னு சொல்லுது. அதோட, ஊன்றி நிறுத்துற வலை, கூண்டு, பொறி இதெல்லாம் எங்க போடலாம், வலை என்ன அளவு, என்ன வகை, எப்படிப் பயன்படுத்தணும்னு மாகாண அரசு விதி போடலாம்னும் சொல்லுது. அளவு மட்டும் இல்ல, பயன்படுத்துற முறைக்கும் விதி போடலாம்னு அன்னைக்கே இருக்கு. இதைக் கவனிச்சு வச்சுக்குங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் மீன்வளம் மாநிலப் பட்டியல்ல வந்தது. கரையில இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் மத்திய அரசு. தமிழ்நாடு 1983-லயும் கர்நாடகம் 1986-லயும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தாங்க. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடந்த மோதல்ல பிறந்த சட்டங்கள் அதெல்லாம். அதனால மனசுல வச்சு எழுதினது இழுவைப் படகை. உள்நாட்டு நீருக்குக் கர்நாடகத்துல 1996-ல தனிச் சட்டம் வந்தது. ஏரி, அணை, ஆறு, குத்தகை, உரிமம்னு போற சட்டம். கழிமுகம் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. இறாலுக்கு அது ஒரே வீடு. கோப்புல அது பாதி கடல், பாதி ஆறு.

மேற்குக் கரையில ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கு. நல்ல விஷயம். ஆனா அது விசைப்படகுக்கு. எஞ்சின் இல்லாத நாட்டுப்படகுக்கு விலக்கு உண்டு, அதுவும் நியாயம்தான். ஆனா தென்மேற்குப் பருவமழை கொட்டி ஆத்து வெள்ளம் வந்ததும் கழிமுகத்துல உப்பு குறையும், இறால் கடலைப் பார்த்து இறங்கும். கடல்ல தடை, முகத்துவாரத்துல வலை. கடலுக்குப் போட்ட காலண்டர் கழிமுகத்துக்குப் பொருந்தலை.

அப்போ கழிமுகத்துக்குன்னு நல்ல விதியே கிடையாதான்னா, இருக்கு. சட்டப் புத்தகத்துல இல்ல, பழவேற்காட்டுல இருக்கு.

(திரையில்: பழவேற்காடு ஏரி, முகத்துவாரம்)

சென்னைக்கு வடக்க, திருவள்ளூர் மாவட்டத்துல பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உப்புநீர் ஏரி. அங்க கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம்னு பட்டினவர்ங்கிற மீனவ சாதியோட மூணு ஊர். முகத்துவாரத்தை ஒட்டின நல்ல இறால் இடங்கள்ல அவங்க பாடு முறையில மீன் பிடிக்கிறாங்க. இன்னைக்கு எந்த ஊர், எந்த இடம்ங்கிறது முறை வச்சுச் சுத்தி வரும். ஊருக்குள்ள தலைக்கட்டுக் கணக்கு உண்டு, சீட்டுக் குலுக்கல் உண்டு. ஒருத்தரே நல்ல இடத்தைப் பிடிச்சு உட்கார முடியாது. ஒரு இடத்துல இத்தனை வலைக்கு மேல விழவும் முடியாது. மீறினா ஊர்க் கூட்டத்துல பேசி அபராதம். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1991-ல வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவோட ஆய்வு இதை விரிவாப் பதிவு பண்ணியிருக்கு. இடம், நாள், ஆள், வலை வகை எல்லாத்தையும் கட்டுப்படுத்துற விதி இது. எழுதினது அதிகாரி இல்ல, வலை போடுறவங்க.

இலங்கையில நீர்கொழும்புக் களப்புல இதுக்குச் சொந்தக்கார முறை ஒண்ணு இருக்கு, கட்டுதெல். அங்கயும் முகத்துவார ஓட்டத்துல ஊன்று வலை, அங்கயும் சீட்டுப் போட்டு இடம், நாலு மீனவர் சங்கத்துக்குள்ள பங்கு. இலங்கை அரசு செஞ்ச காரியம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. மீனவங்களோட அந்த ஏற்பாட்டை அழிக்காம, 1958-ல நீர்கொழும்பு கட்டுதெல் ஒழுங்குவிதின்னு அரசு விதியாவே ஆக்கிட்டாங்க. வழக்கத்துக்குச் சட்ட பலம் கிடைச்சது.

பாடு முறையைப் பூ வச்சுக் கும்பிடவும் நான் தயாரா இல்ல. அது பட்டினவர் ஊர்களோட உரிமை. அதே ஏரியில இருளர் மக்கள் இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, சேத்துக்குள்ள கையை விட்டுத் தடவித் தடவி இறால் எடுக்கிறாங்க. பனையோலையில முடைஞ்ச பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, பிடிச்சதை அதுல போடுவாங்க, ரெண்டு கையும் தேடத் தேவை. வலையே இல்லாத இந்த வேலையால ஏரிக்கு என்ன கெடுதல்? ஆனா பாடு வரிசையில அவங்களுக்கு இடம் கிடையாது. இறால் ஏற்றுமதி விலை ஏறினதுக்கப்புறம் பாட்டுக்கு வெளிய நின்ன ஊர்களும் பங்கு கேட்டு, ஏரியில மோதலே வந்தது. பாட்டுல இருந்து நேரக் கட்டுப்பாட்டையும் இடக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கணும். சாதி வேலியை விட்டுடணும்.

கர்நாடகத்துக்குத் திரும்புவோம். உத்தர கன்னடத்துல கும்டா பக்கம் அகநாசினி ஆறு. அதுல அணை கிடையாது. கழிமுகத்தை ஒட்டி கஜனி நிலம்னு சொல்ற வயல்கள். மழைக்காலத்துல உப்பைத் தாங்குற கக்க நெல்லு, அறுவடை முடிஞ்சதும் மதகைத் திறந்து கடல் தண்ணியை உள்ள விட்டு இறாலும் மீனும். 2024-ல இந்தக் கழிமுகம் ராம்சர் ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்தது. கொஞ்சம் தெற்க போனா சராவதி. 1964-ல கட்டின லிங்கனமக்கி அணையில மின்சாரம் எடுத்துட்டு விடுற நல்ல தண்ணி வருஷம் முழுக்க கழிமுகத்துல இறங்குது, உப்பு குறைஞ்சு போச்சு. நம்ம ஊரு இந்திய அறிவியல் கழகத்து சூழலியல் ஆய்வாளர்கள் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அகநாசினியில மீன் வகை அதிகம், சராவதியில குறைவு. அணைத் தண்ணி கெடுத்ததை மீனவரோட வலையைச் சின்னது பெருசு ஆக்கிச் சரிபண்ண முடியாது. பழி மட்டும் வலை மேல விழும்.

என் முடிவு இதுதான். கழிமுகத்துக்கு முதல் விதி கண்ணி அளவு இல்ல, நேரமும் இடமும். ஏத்தத்துல ஊன்று வலை கூடாது. முகத்துவாரத்தோட நடு வழியை வலை அடைக்கக் கூடாது. மாசத்துல இறால் அதிகமா இறங்குற சில ராத்திரியாவது வலையைத் தூக்கி வைக்கணும். எந்த ராத்திரின்னு அந்தந்த ஊர் மீனவங்களே உட்கார்ந்து முடிவு பண்ணட்டும், அவங்க பிடிக்காம விட்ட நாளுக்கு அரசு ஈடு கொடுக்கட்டும். மடிக்கு நேர்சதுரக் கண்ணி, அதுவும் அரசு செலவுல. கொசுவலைக்கு முழுத் தடை, கூடவே மாற்றுப் பிழைப்பு. இதுக்குப் புதுத் தத்துவம் எதுவும் வேண்டாம், 1897 சட்டமே வழி விட்டிருக்கு.

பெங்களூருல இருக்கிறவங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். கடையில இறால் வாங்கும்போது பண்ணையா, கடலா, கழிமுகமான்னு கேளுங்க. விரல் நகம் அளவு குஞ்சு கலந்திருந்தா வாங்காதீங்க. மீன்வளத் துறை விதியைத் திருத்த வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்டா, கும்டாவுலயும் மங்களூருலயும் இருக்கிற மீனவர் சங்கங்களோட சேர்ந்து நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்க. அவங்க பெங்களூரு வந்து போக ஒரு நாள் தொழில் போகும். உங்களுக்கு அது பக்கத்து ஆபீஸ்.